குட்லாடம்பட்டி ஏற்றத்தில் நின்ற ஜிப்சி: டேங்க் முதல் ஜெட் வரை ஒரு பழுது ஆய்வு

வண்டி மாருதி ஜிப்சி கிங். துணிக்கூரை, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) வைத்த 1298 சி.சி. இன்ஜின். கிங் சந்தைக்கு வந்தது 1996-இல். 2000-இல் கார்புரேட்டருக்குப் பதிலாக எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீச்சும் முறை) வந்துவிட்டது. இடைப்பட்ட வருடங்களில் பிறந்த வண்டி இது. வாடிப்பட்டியை அடுத்து, சிறுமலை அடிவாரத்தில் குட்லாடம்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் இதை வைத்திருக்கிறார். தோப்புக்குப் போகும் பாதையின் கடைசிப் பகுதி முழுக்க உருண்டைக் கல்லும் ஓடைப் பள்ளமும்தான். ஃபோர் வீலும் லோ கியரும் போடாமல் மேலே போக முடியாது. காலில் அடிபட்டு அவர் ஓய்வில் இருந்தபோது, கால்வாசி பெட்ரோலோடு வண்டி இரண்டு மழைக்காலம் கொட்டகையில் நின்றிருக்கிறது. மறுபடி வெளியே எடுத்ததிலிருந்துதான் தொல்லை.

அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே எழுதி வைத்தேன். "காலைல தங்கமா ஓடுது தம்பி. மேட்டுல ஏத்தி ஒரு கால் மணி நேரம் ஆகட்டும், திக்கும், இழுவை போயிரும், அப்படியே அடங்கிரும். கொஞ்ச நேரம் விட்டு அடிச்சா ஒண்ணும் தெரியாத மாதிரி கிளம்பிரும்."

"பெட்ரோல் எவ்வளவு இருக்கும்போது நிக்குதுண்ணே?" என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஃபுல் டேங்க் அடிச்சா சீக்கிரமே நின்னுருது. அடிமட்டத்துக்கு வந்தாலும் நிக்குது. நடுவுல இருந்தா கொஞ்சம் தேவல. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராத பேச்சா இருக்கேன்னு யார்கிட்டயும் சொல்லல."

இந்தப் பழுதின் பாதி விடை அந்த ஒத்துவராத பேச்சில்தான் இருந்தது. அதை அவரிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதற்கு முன் நடந்த வேலைகள்

வண்டி என்னிடம் வருவதற்கு முன் வேறு வேறு பட்டறைகளில் கார்புரேட்டரைப் பலமுறை பிரித்திருக்கிறார்கள். கிளீனர் அடித்து ஊதியிருக்கிறார்கள், ரிப்பேர் கிட் போட்டிருக்கிறார்கள். பிறகு காயில், பிளக், பிளக் ஒயர் மாற்றம். "பெட்ரோல் பத்தல" என்று ஓரிடத்தில் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டு) துளையிட்டுப் பெரிதாக்கி, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் தகட்டை வளைத்து மட்டத்தையும் ஏற்றி வைத்திருந்தார்கள். கடைசியாகப் பார்த்தவர் வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைப்பது) என்று சொல்லி, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி அனுப்பியிருந்தார். துணி காயும்வரை வண்டி கொஞ்சம் கூடுதலாக ஓடியது உண்மைதான் என்று உரிமையாளரும் ஒப்புக்கொண்டார்.

இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பழைய பெட்ரோல் வண்டி திக்கினால் உடனே கார்புரேட்டரைக் கழற்றும் பழக்கம் நம் பக்கம் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தால் நல்ல கார்புரேட்டர்கள் வீணாவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஜிப்சியில் டேங்க் வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. பம்ப் முன்னால் சிலிண்டர் ஹெட்டில், கேம்ஷாஃப்ட் தள்ளி இயங்குகிறது. வண்டியின் நீளத்துக்கு ஓடும் குழாய் வழியாக அந்தப் பம்ப் பெட்ரோலை உறிஞ்சித்தான் ஆக வேண்டும். அவ்வளவு தூரத்தையும் விட்டுவிட்டுக் கடைசியில் இருக்கிற பாகத்தை முதலில் திறப்பதில் எந்த நியாயமும் இல்லை.

நின்ற நிமிடத்தில் பார்த்தது

சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியை ஷெட்டில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. நிற்கிற இடத்தில், நின்ற நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். சிறிது நேரம் போனால் மிதவைக் கிண்ணம் தானாக நிறைந்துவிடும், காயில் ஆறிவிடும், தடயம் எதுவும் மிஞ்சாது. அதனால் தீயணைப்பான், ஸ்பார்க் டெஸ்டர், வேக்கம் கேஜ் (உறிஞ்சலை அளக்கும் கருவி), ஒரு துண்டு ஒளிபுகும் பெட்ரோல் குழாய், பாலிதீன் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவருடனேயே தோப்புப் பாதையில் ஏறினேன். வேண்டுமென்றே டேங்கை நிரப்பிவிட்டுப் புறப்பட்டோம்.

அவர் சொன்ன கணக்குப்படியே நின்றது. நின்ற விதத்தையும் கவனித்தேன். பற்றவைப்புத் தகராறு என்றால் சுவிட்சை அணைத்தது போலப் பட்டென்று நிற்பதே வழக்கம். இது முதலில் இழுவை குறைந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகி, விட்டால் சற்றுத் தேறி, பிறகு அடங்கியது. கிண்ணத்தில் பெட்ரோல் குறைந்துகொண்டே போகும்போது வரும் அடையாளம் அது.

உடனே செய்தவை இவை. ஸ்பார்க் டெஸ்டரில் பொறி நீலமாக, ஒழுங்காக வந்தது. காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் விடுபட்டன. இன்ஜின் நின்ற நிலையில் ஏர் ஃபில்டர் மூடியை எடுத்து, கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் இழுத்தேன். நல்ல நிலையில் ஆக்ஸிலரேட்டர் பம்பிலிருந்து ஒரு கூரிய பீச்சல் தெரிய வேண்டும். இங்கே ஒரு சொட்டுகூட வரவில்லை. இந்தக் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் மட்டம் பார்க்கச் சிறு கண்ணாடி ஒன்று உண்டு. பெட்ரோல் அதன் நடுப்புள்ளியை ஒட்டி நிற்க வேண்டும். கண்ணாடி வெறுமையாக இருந்தது.

ஆக, கார்புரேட்டர் பட்டினி கிடந்தது. ஜெட்டைத் துளைத்தாலும் மிதவையை ஏற்றினாலும் வராத பெட்ரோலை அவை கொண்டுவந்துவிடாது.

மூடி

அடுத்துப் பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று சத்தம் வந்தது. இந்த இடத்தில் நிறையப் பேர் அவசரப்பட்டு முடிவுகட்டிவிடுகிறார்கள். மதுரை வெயிலில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவி அழுத்தத்தால் காற்று வெளியே சீறுவதும் உண்டு. அது பழுது ஆகாது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூடியை லேசாக விட்டு, இடுக்கில் பாலிதீன் தாளைப் பிடித்தேன். தாள் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. டேங்குக்குள் வெற்றிடம்.

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் விக்கி விக்கி விழுமே, அந்தக் கதைதான். பெட்ரோல் வெளியேறிய அளவுக்குக் காற்று உள்ளே போனால்தான் பம்பால் தொடர்ந்து இழுக்க முடியும். டேங்க் நிறைந்திருக்கும்போது மேலே காற்றுக்கு இருக்கும் இடம் ஓரிரு லிட்டர்தான். அதில் அரை லிட்டர் பெட்ரோல் குறைந்தாலே அழுத்தம் கணிசமாக விழும். பாதி டேங்கில் காற்றிடம் 20 லிட்டர். அரை லிட்டர் குறைந்தால் பெரிதாகத் தெரியாது. "ஃபுல் டேங்க் அடிச்சா சீக்கிரமே நின்னுருது" என்றாரே, அதன் காரணம் இங்கே அகப்பட்டது.

காற்று ஏன் உள்ளே போகவில்லை? பழைய மூடியின் சாவி தொலைந்ததால் கடையில் கிடைத்த பூட்டு மூடி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். அதில் மூச்சுத்துளை கிடையாது. உள்ளழுத்தம் ஏறினால் ரப்பர் வளையம் சற்று விலகி ஆவியை வெளியே விட்டுவிடும், ஆனால் வெளிக்காற்றை உள்ளே விடாது. அது மட்டும் என்றால்கூட வண்டி ஓடியிருக்கும், ஏனென்றால் டேங்கிலிருந்து தனியாக ஒரு மூச்சுக்குழாயும் போகிறது. அந்தக் குழாயின் முனையைக் குளவி மண்வைத்து அடைத்திருந்தது. கொட்டகையில் நின்ற மாதங்களில் நடந்த வேலை. மூடி மட்டும் என்றாலோ குளவி மட்டும் என்றாலோ வண்டி நின்றிருக்காது. இரண்டும் சேர்ந்ததில் டேங்க் முழுதாக மூடிக்கொண்டது.

மூடியைத் திறந்தும் தீராத பாதி

மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டியதும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத் திருப்தி இல்லை. அடிமட்டத்திலும் நிற்கிறது என்று அவர் சொன்னதற்கு மூடி விளக்கம் ஆகாது. டேங்க் காலியாக இருக்கும்போது காற்றிடம் தாராளம். அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் டி இணைப்பு வைத்து வேக்கம் கேஜைப் பொருத்தி மறுபடி ஏற்றினோம். மூடியை இறுக்கி ஓட்டியபோது, திக்கத் தொடங்கும் நேரத்தில் முள் 9 அங்குலப் பாதரசத்தை ஒட்டி நின்றது. மூடியைத் திறந்ததும் 4-க்கு இறங்கியது. அதற்குக் கீழே போகவில்லை. தடையில்லாத குழாயில் ஓரிரு அங்குலத்துக்கு மேல் காட்டக் கூடாது. ஆக, பம்பின் உழைப்பில் பாதியை மூடியும் மீதியை வழியில் உள்ள வேறொரு அடைப்பும் தின்றுகொண்டிருந்தன.

வேப்பர் லாக் என்று சொன்னவரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கண்டது பொய்யல்ல. பம்புக்கு முன்னால் செருகிய ஒளிபுகும் குழாயில், நிற்கும் தறுவாயில் குமிழிகள் ஓடியதை நானும் பார்த்தேன். ஆனால் அந்தக் குமிழி ஏன் பிறந்தது என்று கேட்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். 9 அங்குலம் உறிஞ்சல் என்றால் குழாய்க்குள் வளிமண்டல அழுத்தத்தில் 70 சதவீதம்தான் மிச்சம். பெட்ரோல் ஏறத்தாழ 10 டிகிரி முன்பாகவே ஆவியாகத் தொடங்கிவிடும். கத்தரி வெயிலில், லோ கியரில், காற்றோட்டம் இல்லாமல் ஏறும் வண்டியின் பானெட்டுக்குள் அந்த 10 டிகிரிதான் ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவில் இருக்கிறது. ஈரத்துணி அந்த 10 டிகிரியைக் கொஞ்ச நேரம் திருப்பிக் கொடுத்தது. நோயின் மூலம் இருந்தது டேங்கில், துணியோ பம்பில்.

உறிஞ்சும் பக்கக் குமிழிக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஹோஸ் வெடித்தோ கிளிப் தளர்ந்தோ காற்று புகுவது. அங்கே பெட்ரோல் வெளியே கசியாது, அதனால் கண்ணுக்குப் படாது. இரண்டையும் பிரிக்க எளிய வழி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பார்ப்பது. காற்றுக் கசிவென்றால் காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே குமிழி வரும். ஆவியென்றால் சூடேறிய பிறகுதான் வரும். இந்த வண்டியில் காலையில் குழாய் தெளிவாக இருந்தது.

பம்பையும் அதே கையோடு சோதித்தோம். வெளிவரும் குழாயை ஒரு புட்டியில் விட்டு, கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலிலேயே இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டதில், சூடான நிலையில் அரை நிமிடத்துக்கு 30 மில்லிகூட வரவில்லை. வந்ததும் பாதி நுரை. ஐடிலுக்கும் சமவெளிக்கும் அது போதும். முழு த்ராட்டிலில் ஏற்றத்துக்குப் போதாது. பிறகு தனி உலோகக் கேனில் நல்ல பெட்ரோல் வைத்து, பம்பின் உள்வாய்க்கு நேராக இணைத்ததும் அதே பம்ப் கொப்பளித்துத் தள்ளியது. அழுத்தமும் 4 பி.எஸ்.ஐ. காட்டியது, இந்த வகைப் பம்புக்கு 3.5 முதல் 5 வரை சரி. பம்புக்கு நற்சான்று கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தோம்.

டேங்குக்குள்

பெட்ரோல் ஃபில்டரை அறுத்துப் பார்த்ததில் காகித மடிப்புகளுக்கிடையே காபிப்பொடி நிறத்தில் துரு. டேங்கை இறக்கினோம். அடியில் துருச்செதிலும் ஒருவிதப் பிசினும் படிந்திருந்தன. உறிஞ்சுகுழாயின் வாயிலும் அதே பிசின். பெட்ரோல் நிறைய இருந்தால் செதில்கள் பரந்து கிடக்கும். அடிமட்டத்தில், அதுவும் மூக்கு தூக்கிய ஏற்றத்தில், எல்லாம் ஒரே மூலைக்கு வந்து குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் விடுபட்டு, செதில்கள் விழுந்துவிடும். சிறிது நேரத்தில் வண்டி கிளம்பும். அவர் சொன்ன இரண்டாவது பாதிக்கும் விடை வந்தது.

துரு பல வருடமாகச் சேர்ந்திருக்கலாம், இப்போது ஏன் கிளம்பியது என்று கேட்டார். இங்கே எத்தனாலின் பங்கு இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-க்குள் ஏறக்குறைய எல்லா பெட்ரோல் பங்க்குகளுக்கும் வந்துவிட்டது. எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்கில் ஒட்டிக் கிடந்த பிசினை இளக்கி, அது பிடித்து வைத்திருந்த துருவையும் அவிழ்த்துவிடும். ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் பாதிக் காலியான டேங்கில் ஈரம் சேர்ந்து அளவு மீறினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனிப்படலமாகப் பிரிந்து அடியில் போய் நிற்கும். இரும்புக்கு அது நஞ்சு.

தன் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஓர் அளவுக் குழாயில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டு, குலுக்கி நிற்க வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அடிப்படலம் 10-க்குப் பதில் 25-ஐத் தாண்டினால் ஏறத்தாழ 20 சதவீதம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

டேங்கைப் பெட்ரோல் வாடை போகும்வரை சோப்புத் தண்ணீரில் கழுவி, சிறு சங்கிலித் துண்டை உள்ளே போட்டுக் குலுக்கி, செதில்களைக் கொட்டினோம். பிறகு வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஓர் இரவு முழுக்க ஊறவிட்டோம். மறுநாள் சமையல் சோடா கரைசலால் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே சூடான காற்றடித்து உலர்த்தி, பெட்ரோலில் சிறிது எண்ணெய் கலந்து உள்சுவர் முழுக்கப் படரவிட்டோம். அந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட்டால் சில மணி நேரத்திலேயே புதுத் துரு பூத்துவிடும். டேங்க் பக்கத்தில் வெல்டிங், கிரைண்டர், பீடி எதுவும் கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து.

ரப்பர் ஹோஸ்களின் உள்தோல் மெத்தென்று உப்பியிருந்தது. எத்தனால் தாங்கும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 வகை ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றினோம். பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயையும் ஊதிப் பார்த்துத் திறந்துவிட்டோம். தேவைக்கு மேல் வரும் பெட்ரோலைச் சுற்றவிட்டுப் பம்பைக் குளிர்வாக வைத்திருப்பது அதுதான். அதை அடைத்துவிட்டு ஓட்டும் வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். மூச்சுத்துளை உள்ள மூடி பொருத்தி, மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து, அதன் முனையில் சிறு கம்பிவலையும் கட்டினோம்.

இப்போதுதான் கார்புரேட்டர்

பெட்ரோல் ஒழுங்காக வரத் தொடங்கியதும் வண்டி வேறுவிதமாகத் தொல்லை கொடுத்தது. கரும்புகை, பள்ளத்தில் குலுங்கினால் பெட்ரோல் வாடை, இறக்கத்தில் ஐடில் தடுமாற்றம். அண்ணன் சோர்ந்துவிட்டார். எனக்கோ இது எதிர்பார்த்ததுதான். பட்டினிக் காலத்தில் துளைத்த ஜெட்டும் ஏற்றிவைத்த மிதவையும் இப்போது முழு வேகத்தில் வேலை செய்கின்றன. ஒரு பழுதை மூடிமறைக்கச் செய்த வேலை, அந்தப் பழுது போனதும் தானே பழுதாக நிற்கிறது.

மிதவை மட்டத்தைக் கண்ணாடியின் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்தோம். ஊசி வால்வின் முனையில் வளையமாகத் தேய்மானம் இருந்ததால் அதை மாற்றினோம். அடித்தள கேஸ்கெட்டில் காற்று இழுப்பு இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. துளைத்த மெயின் ஜெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பெனி அளவு ஜெட் வைத்தோம். ஜெட்டைக் கம்பியாலோ ஊசியாலோ குத்திச் சுத்தம் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பித்தளை மென்மையானது, கண்ணுக்குத் தெரியாத கீறலே கலவையை மாற்றிவிடும்.

கம்பெனி ஜெட்டில் ஏற்றத்தில் மெலிதான தயக்கம் தெரிந்தது. பிளக்கின் மூக்கு வெளுப்பாக இருந்தது, கலவையில் பெட்ரோல் குறைவு என்பதற்கு அது அடையாளம். இதற்கும் கணக்கு உண்டு. சுத்தமான பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதக் கலவைக்கு அது 13.5 அளவுக்கு வரும். எம்.பி.எஃப்.ஐ. வண்டி ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. அதே ஜெட்டில் கலவை எட்டு சதவீதம்வரை மெலிந்துபோகும். ஒரே ஒரு படி பெரிய ஜெட் போட்டு, ஐடில் கலவைத் திருகையும் சற்றுத் திறந்ததும் பிளக் இளம்பழுப்புக்கு வந்தது. எல்லா வண்டிக்கும் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஏற்றத்தில் ஓட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்த்த பிறகே ஜெட்டில் கை வைக்க வேண்டும்.

சரிபார்ப்பு

ஃபுல் டேங்கில் ஒரு தடவையும், அடிமட்டத்தில் ஒரு தடவையும், இரண்டும் உச்சி வெயிலில், அதே தோப்புப் பாதையில் ஏற்றினோம். கேஜ் முள் ஓர் அங்குலத்துக்கு மேல் எழவில்லை. ஒளிபுகும் குழாயில் குமிழி இல்லை. பம்பின் வெளிவரத்து அரை நிமிடத்துக்கு 300 மில்லியைத் தொட்டது. ஈரத்துணியைக் கழற்றிவிட்டுத்தான் இவ்வளவும். ஒளிபுகும் குழாயைச் சோதனை முடிந்ததும் எடுத்துவிட்டோம். சூட்டில் இறுகி வெடிக்கும் பொருளை பானெட்டுக்குள் நிரந்தரமாக விடக் கூடாது.

புது ஃபில்டரைச் சில வாரங்களில் ஒரு தடவை அறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கழுவிய டேங்க் மிச்சத் துருவைக் கொஞ்ச நாள் விட்டுக்கொண்டுதான் இருக்கும். பம்பின் டயஃப்ரம் பழைய ரப்பர், எத்தனாலுக்கு எவ்வளவு காலம் தாங்கும் என்று நம்ப முடியாது. கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கலாம். அதனால் ஆயில் குச்சியை முகர்ந்து பார்க்கும் பழக்கமும், வண்டியில் ஒரு மாற்றுப் பம்பும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பம்பு வாங்கியாயிற்று. ஜெட் துளைத்த பட்டறைக்காரருக்கும் இந்தக் குறிப்பைக் காட்டப்போவதாக அண்ணன் சொன்னார். வேக்கம் கேஜின் அளவுகளைத் தனித்தாளில் எழுதி அதையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.